கேட்கும் செவி: பண்டைக் கிரேக்க இலக்கியமும் இன்றைய நிறுவனங்களும்



மேலாண்மை பற்றிய நூல்கள் ஆண்டுதோறும் புதிது புதிதாக வெளிவருகின்றன. அவற்றுள் பல, சில ஆண்டுகளிலேயே பழையனவாகியும் விடுகின்றன. ஆனால் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்னர்க் கிரேக்க மொழியில் எழுந்த இலக்கியங்கள் இன்றும் விரும்பிப் படிக்கப்படுகின்றன. சங்கப் புலவர்கள் யவனர் என்ற பெயரால் சுட்டிய மேலைக்கடல் மக்களுள் கிரேக்கரும் அடங்குவர். ஆதலால் அம்மக்களின் இலக்கியத்தைத் தமிழ் அவையில் பேசுவது நமக்கு முற்றிலும் அயலான செயலன்று.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஹோமரும் சோபோக்ளீசும் நிறுவனம் நடத்துவோர்க்கு வழிகாட்ட எழுதியவர்கள் அல்லர். அவர்கள் காட்டும் உலகில் அடிமைமுறை இருந்தது. போரில் பிடிபட்ட பெண்கள் பரிசுப்பொருள்களாகப் பங்கிடப்பட்டனர். அவ்வுலகத்தை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆயினும், பலர் கூடி ஒரு செயலை ஆற்றும்போது தலைவர்க்கும் அவர்கீழ் உள்ளோர்க்கும் இடையே நேரும் சிக்கல்களை அவர்கள் கூர்ந்து கண்டு எழுதினர். அவற்றுள் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். ஓர் அமைப்பில் உண்மை எவ்வாறு தலைவரின் செவியைச் சென்றடைகிறது? சென்றடையாதபோது யார் அதற்கு விலை கொடுக்கிறார்கள்?

அஞ்சிய நிமித்திகன்

ஹோமரின் ‘இலியட்’ 24 காண்டங்களைக் கொண்ட காப்பியம். அதன் முதற்காண்டத்தில், அப்பல்லோ தெய்வத்தின் பூசகரான கிரைசஸ், சிறைபிடிக்கப்பட்ட தம் மகளை மீட்கப் பெரும்பொருளோடு கிரேக்கப் பாசறைக்கு வருகிறார். பொருளைப் பெற்றுக்கொண்டு மகளைத் தந்துவிடலாம் என்று படையினர் அனைவரும் கூறுகின்றனர். தலைவன் அகமெம்னோன் மட்டும் மறுத்து, முதியவரை மிரட்டி அனுப்புகிறான். தெய்வத்தின் சினத்தால் பாசறையில் கொள்ளைநோய் பரவுகிறது. ஒன்பது நாள்கள் கழிகின்றன. பத்தாம் நாளில் படையினரைக் கூட்டுபவன், தலைவனாகிய அகமெம்னோன் அல்லன். அக்கிலீஸ் என்னும் வீரன்.

நோயின் காரணம் நிமித்திகன் கால்காசுக்குத் தெரியும். எனினும் அவன் உடனே சொல்லவில்லை. தான் கூறப்போவது வல்லமை மிக்க ஒருவரைச் சினம்கொள்ளச் செய்யும் என்றும், தன்னைக் காப்பதாக அக்கிலீஸ் உறுதியளித்தால் பேசுவதாகவும் சொல்கிறான். அவ்வுறுதி கிடைத்த பின்னரே உண்மை வெளிப்படுகிறது.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். நாள்தோறும் வீரர்கள் மடிகின்றனர். காரணம் அறிந்தவன் அதே அவையில் இருக்கிறான். அவன் நாவைக் கட்டியது அறியாமை அன்று, அச்சமே. அச்சத்தை நீக்க வல்லவர் ஒருவர் அருகில் நின்ற பிறகுதான் அறிவு பயன்பட்டது. இன்றைய அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் கால்காசுகள் உள்ளனர். அவர்களுக்குத் துணைநிற்கும் அக்கிலீஸ்தான் பல வேளைகளில் கிடைப்பதில்லை.

பின்னர் நடந்ததும் பாடமே. அகமெம்னோன் பூசகரின் மகளைத் திருப்பி அனுப்புகிறான்; அதற்கு ஈடாக அக்கிலீஸ் பெற்றிருந்த பிரைசிஸ் என்னும் பெண்ணைப் பறித்துக்கொள்கிறான். முதியவர் நெஸ்டர் இருவர்க்கும் அறிவுரை கூறுகிறார், இருவரும் ஏற்கவில்லை. அக்கிலீஸ் போரிலிருந்து விலகுகிறான். படை தோல்விமேல் தோல்வி காண்கிறது. ஒன்பதாம் காண்டத்தில் அகமெம்னோன் தன் தவற்றை உணர்ந்து, பொன்னும் குதிரைகளும் நகரங்களும் தருவதாகத் தூதுவர் மூவரை அனுப்புகிறான். ஆனால் தான் நேரில் செல்லவில்லை. மேலும், அக்கிலீஸ் தனக்குப் பணிய வேண்டும் என்ற சொல்லையும் செய்தியின் இறுதியில் சேர்த்தே அனுப்புகிறான். தூதுவனான ஒடிசியஸ் அச்சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துரைக்கிறான். இருந்தும் அக்கிலீஸ் இசையவில்லை. அவமதிக்கப்பட்டவர்க்கு ஊதிய உயர்வு மட்டும் மருந்தாகாது என்பதை இதனினும் தெளிவாக எவரும் காட்டிவிட முடியாது.

அக்கிலீசின் பக்கமும் நாம் முழுமையாகச் சாய்ந்துவிடக் கூடாது. அவன் பிடிவாதத்திற்கும் ஒரு விலை உண்டு. அவனுக்குப் பதிலாகக் களம்புகுந்த அவன் உயிர்த்தோழன் பட்ரோக்ளஸ் கொல்லப்படுகிறான். நியாயமான மனக்குறையும் நெடுங்காலம் பேசித் தீர்க்கப்படாவிடில், குறையுடையவரின் அன்புக்குரியவர்களையே சுடும்.

காவலனும் மகனும்

கி.மு. 441ஆம் ஆண்டையொட்டி அரங்கேறியதாகக் கருதப்படும் சோபோக்ளீசின் ‘ஆண்டிகனி’ நாடகத்தில், தீப்ஸ் நகரின் புதிய அரசன் கிரயோன். நகரின்மீது படையெடுத்து மாண்ட பொலினைசிசின் உடலை எவரும் அடக்கம் செய்யலாகாது என்று அவன் ஆணையிடுகிறான். யாரோ அந்த உடலின்மீது மண்தூவிவிடுகின்றனர். இச்செய்தியை அரசனிடம் யார் சொல்வது? காவலர்கள் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்க்கின்றனர். சீட்டு விழுந்தவன் வழியெல்லாம் தயங்கித் தயங்கி வந்து சேர்கிறான். கிரயோனோ, அவன் கையூட்டுப் பெற்றதாகக் குற்றம் சாட்டுகிறான். குற்றவாளியைக் கொண்டுவராவிடில் கொடுந்தண்டனை என மிரட்டுகிறான். வெளியேறும் காவலன் இனி இவ்வாசலை மிதிப்பதில்லை என்று தனக்குள் முடிவுசெய்கிறான்.

ஓர் அலுவலகத்தில் கெட்ட செய்தியைச் சொல்ல ஆள் தேட வேண்டியிருந்தால், அங்கே நோய் முற்றிவிட்டது என்று பொருள். கெட்ட செய்தியைக் கொணர்ந்தவரைக் கடிந்துகொள்ளும் தலைவர் அந்தச் செய்தியை மாற்றிவிடுவதில்லை. அடுத்த செய்தி வரும் வழியை மட்டும் அடைத்துவிடுகிறார்.

ஆணையை மீறியவள் இறந்தவனின் தங்கை ஆண்டிகனி. அவளுக்கு மணம் பேசப்பட்டவன் கிரயோனின் மகன் ஹேமோன். அவன் தந்தையிடம் பணிவோடுதான் தொடங்குகிறான். அரசனின் முகத்துக்கு அஞ்சி மக்கள் வாய் திறப்பதில்லை என்றும், அவர்கள் மறைவில் அப்பெண்ணுக்காக வருந்துவது தன் காதில் விழுகிறது என்றும் கூறுகிறான். வெள்ளத்தில் வளைந்துகொடுக்கும் மரம் பிழைப்பதைச் சுட்டிக்காட்டுகிறான். கிரயோனின் மறுமொழி சொன்ன பொருளைப் பற்றியதாக இல்லை. சொன்னவனின் வயதைப் பற்றியதாக இருக்கிறது. இவ்வயதில் ஓர் இளைஞனிடம் பாடம் கேட்பதா என்று சினக்கிறான். மூப்பை மதித்தல் நம் பண்பாட்டின் சிறப்பு. அச்சிறப்பே இளையோரின் வாயை அடைக்கும் பூட்டாக மாறாதவாறு காப்பது மூத்தோரின் கடமை.

இறுதியில், குறிசொல்லும் முதியவர் டைரீசியஸ் எச்சரித்துச் சென்ற பிறகு கிரயோன் மனம் மாறுகிறான். முதலில் பெண்ணை விடுவித்து, பிறகு இறந்தவனுக்குக் கல்லறை எழுப்புமாறு முதியோர் குழு அறிவுறுத்துகிறது. அவனோ இறந்தவனை முதலில் அடக்கம் செய்துவிட்டு, உயிரோடிருப்பவளைத் தேடிப் பின்னர்ச் செல்கிறான். அதற்குள் ஆண்டிகனி தூக்கிட்டு மாண்டுவிடுகிறாள். மகனும், அவனையடுத்து மனைவியும் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்கின்றனர். தவற்றைத் திருத்த முனையும்போதும் வரிசைமுறை உண்டு. கோப்புகளைச் சீர்செய்வதற்கு முன், பாதிக்கப்பட்ட மனிதரைக் காக்க வேண்டும்.

கட்டப்பட்ட தோல்பை

இதுவரை கேளாத தலைவரைக் கண்டோம். சொல்லாத தலைவரை ‘ஒடிசி’யின் பத்தாம் காண்டம் காட்டுகிறது. காற்றுகளின் காவலன் ஏயோலஸ், பாதகமான காற்றுகளையெல்லாம் ஒரு தோல்பையில் அடைத்து ஒடிசியசிடம் தருகிறான். ஒன்பது நாள்கள், பாய்க்கயிற்றை வேறெவரிடமும் கொடாமல் ஒடிசியசே கப்பலைச் செலுத்துகிறான். பத்தாம் நாள் தாய்நாடு கண்ணுக்குத் தெரிகிறது. கரையில் நெருப்பு மூட்டுவோரையும் காண முடிகிறது. களைப்பால் அவன் உறங்கிவிடுகிறான். பையில் பொன்னும் வெள்ளியும் இருப்பதாக ஐயுற்ற தோழர்கள் அதனை அவிழ்க்கின்றனர். புயல் கிளம்பிக் கப்பல்களைத் தொடங்கிய இடத்திற்கே துரத்துகிறது.

தோழர்களின் பேராசையைக் குறைசொல்வது எளிது. ஆனால் பையில் இருப்பது இன்னதென அவர்கள் அறியவில்லை. அறியாத இடத்தில் ஐயம் குடியேறும். எல்லாவற்றையும் தாமே செய்ய முனைந்த தலைவர், விழித்திருக்க வேண்டிய நேரத்தில் உறங்கிப்போனார். பொறுப்பைப் பகிராமையும் செய்தியைப் பகிராமையும் ஒன்றுசேர்ந்து, கண்ணுக்கெட்டிய கரையைக் கைநழுவச் செய்தன.

இரண்டாவது கப்பல்

கி.மு. 427ஆம் ஆண்டு நிகழ்வொன்றை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பதிவு செய்துள்ளார். ஏதென்சுக்கு எதிராகக் கிளர்ந்த மைட்டிலீன் நகரம் பணிந்தது. அந்நகரின் வயதுவந்த ஆண்கள் அனைவரையும் கொல்லவும், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக்கவும் ஏதென்சின் மக்களவை சினத்தில் முடிவெடுத்தது. ஆணையுடன் ஒரு கப்பலும் புறப்பட்டுவிட்டது. மறுநாள் மக்கள் மனம் உறுத்தவே, அவை மீண்டும் கூடியது. முடிவை மாற்றலாகாது என்று கிளியோன் வாதிட்டார். அவசரமும் சினமும் நல்லாய்வுக்குப் பகை என்று டயோடோட்டஸ் மறுத்தார். அறிவுரை பயனளிக்காது போனாலும், அதைக் கூறியவரை இழிவுபடுத்தாத நகரமே அறிவுடைய நகரம் என்றும் அவர் கூறினார். தண்டனைக்கு அஞ்சுவோர் அவைக்கு இனிப்பதையே பேசுவர் என்பது அவர் கருத்து.

டயோடோட்டஸ் பக்கம் சிறிய வேறுபாட்டில் வென்றது. ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் முந்திச் சென்ற முதற்கப்பலை நோக்கி இரண்டாவது கப்பல் விரைந்தது. துடுப்பு வலிப்போர், மதுவும் எண்ணெயும் கலந்த வாற்கோதுமை மாவைத் துடுப்பை விடாமலே உண்டனர், முறைவைத்து உறங்கினர். முதற்கப்பலோ தன் கொடிய பணியை எண்ணி மெல்லச் சென்றது. படைத்தலைவர் ஆணையைப் படித்து நிறைவேற்ற முனைந்த வேளையில் இரண்டாவது கப்பல் வந்து சேர்ந்தது. நகரம் பிழைத்தது. கிளர்ச்சிக்குக் காரணமானவர்கள் எனக் கருதப்பட்ட ஆயிரத்துக்கும் சற்று மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்பதையும் துசிடிடீஸ் மறைக்கவில்லை. காலந்தாழ்ந்த திருத்தம் எல்லாரையும் காப்பதில்லை. ஆயினும் அதனால் ஒரு நகரமே உயிர்பெற்றது. எடுத்த முடிவை மாற்றுவது இழுக்கு என்று எண்ணும் நிர்வாகிகள் இக்கப்பலை நினைவில் கொள்ள வேண்டும்.

உணவு வேளையிலும் திறந்த வாயில்

நிறைவாக, கேட்கத் தெரிந்த தலைவர் ஒருவரைக் காண்போம். கி.மு. 401இல் பாரசீக இளவரசன் சைரசுக்காகச் சென்ற கிரேக்கக் கூலிப்படை, அவன் மாண்டபின் பகைநாட்டின் நடுவே தனித்து நின்றது. அதன் தளபதிகள் ஐவர் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அப்போது தலைமை ஏற்றவருள் ஒருவர் செனோபோன். அப்பயணத்தை அவர் ‘அனபாசிஸ்’ என்னும் நூலாக எழுதினார்.

ஓரிடத்தில் படை கெந்திரைட்டிஸ் ஆற்றங்கரையில் சிக்குகிறது. முன்னே எதிர்க்கரையில் பகைவர். பின்னே மலைவாழ் கார்தூக்கியர். ஆறோ ஆழமானது. செனோபோன் காலையுணவு உண்டுகொண்டிருக்கையில் இளைஞர் இருவர் ஓடிவருகின்றனர். விறகு பொறுக்கச் சென்ற இடத்தில், இடுப்பளவும் நனையாமல் கடக்கக்கூடிய துறையைத் தற்செயலாகக் கண்டதாகச் சொல்கின்றனர். படை அவ்வழியே ஆற்றைக் கடக்கிறது. அவ்விருவரும் தயங்காமல் வந்ததற்குக் காரணத்தையும் நூல் கூறுகிறது. செனோபோன் உண்ணும்போதும் அவரிடம் வரலாம். உறங்கினால் எழுப்பியும் போர் தொடர்பான செய்தியைச் சொல்லலாம் என்பது எல்லார்க்கும் தெரிந்திருந்தது.

இது அவரே தம்மைப் பற்றி எழுதியது என்பதை மறவாமல் படிக்க வேண்டும். ஆனால் வீரர்களை அடித்ததாகத் தம்மீது எழுந்த குற்றச்சாட்டையும், அதற்குப் படையினர்முன் நின்று தாம் விடைகூற நேர்ந்ததையும் அவரே எழுதியுள்ளார்.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்விலக்கியங்களிலிருந்து நாம் கொள்ளத்தக்க நடைமுறைகள் எளியவை. கூட்டங்களில் இளையோரை முதலில் பேசவிடுவோம். தலைவர் தம் கருத்தை முன்னரே சொல்லிவிட்டால் பிறர் அதனையே வழிமொழிவர். கெட்ட செய்தி வந்தால், யாரால் நேர்ந்தது என்பதற்கு முன், என்ன நேர்ந்தது என்று கேட்போம். சினத்தில் எடுத்த முடிவை ஓர் இரவு கழித்து மீண்டும் பார்ப்போம். சொல்லக் கூடிய காரணங்களை மறைக்காமல் சொல்வோம்.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. வகுப்புத் தலைவராகவோ கழகச் செயலாளராகவோ பொறுப்பேற்கும் நாளிலேயே இப்பழக்கம் தொடங்க வேண்டும். ஆற்றின் துறையைக் கண்டவர்கள் தளபதிகள் அல்லர். விறகு பொறுக்கச் சென்ற இளைஞர்கள். அத்தகையோர் நம் பள்ளிகளிலும் பணியிடங்களிலும் எங்கோ ஓரத்தில் இருக்கின்றனர். அவர்கள் ஓடிவரும்போது நம் வாயில் திறந்திருக்க வேண்டும்.