நெல்லு யாரு வூட்டுக்குப் போச்சு?

(திரையிடல் ஒன்றின் தொடக்கத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



“பழைய படத்துல எதெதப் பாக்கணும், சொல்லுங்கண்ணே” என்று தம்பிமார் கேட்டார்கள். அதற்காகத்தான் நிற்கிறேன். நான் விமர்சகன் கிடையாது. டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவன். பெஞ்சு டிக்கெட்டுக்குக் காசு இருந்தாலும் ஊர்க்காரர் உட்காரும் பக்கம் சேரிக்காரன் போக மாட்டான். போகாதே என்று போர்டு எதுவும் மாட்டவில்லை. மாட்டவேண்டிய தேவையும் இல்லை.

அந்தக் கொட்டகையில் ஒருநாள் ஜெமினியின் ‘நந்தனார்’ போட்டான். 1942இல் வந்த படம். தண்டபாணி தேசிகர் பாடப்பாட, மணலும் அழுதது, பெஞ்சும் அழுதது. நாற்பது வேலியை ஒரே ராத்திரியில் விளைவித்தால்தான் சிதம்பரம் போகலாம் என்கிறார் வேதியர். ஆண்டவன் அருளால் விளைந்துவிடுகிறது. வேதியர் திருந்திவிடுகிறார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் எங்க ஆயா கேட்டது: “அய்யரு திருந்துனாரு, சரி. வெளஞ்ச நெல்லு யாரு வூட்டுக்குப் போச்சுடா?”

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்விதான் எனக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இந்த வேதியரே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் கீர்த்தனையில் சேர்த்த பாத்திரம் அது. சேர்த்ததனால்தான் பண்ணையும் அடிமையும் கதைக்குள்ளே வந்தன. அதனால் ‘நந்தனா’ரைப் பாருங்கள். பக்தியை மட்டும் பார்க்காதீர்கள், வயலையும் பாருங்கள்.

அடுத்து இந்திப் படம், ‘அச்சுத் கன்யா’, 1936. பம்பாய் டாக்கீஸ் எடுத்தது. பிராமணப் பையனாக அசோக் குமார், தீண்டத்தகாத பெண் கஸ்தூரியாக தேவிகா ராணி. கஸ்தூரியின் அப்பன் ரயில்வே கேட் காப்பவன். அந்தக் காலத்தில் இந்தக் காதலைத் திரையில் காட்டியதே பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் ரயிலை நிறுத்த ஓடி, அதில் அடிபட்டுச் சாகிறவள் கஸ்தூரி.

1954இல் மலையாளத்தில் ‘நீலக்குயில்’. ராமு காரியத்தும் பி. பாஸ்கரனும் இயக்கியது. பள்ளி வாத்தியார் ஸ்ரீதரன் நாயர் புலையப் பெண் நீலியைக் கர்ப்பமாக்கிக் கைவிடுகிறார். நீலி செத்துக் கிடக்கிற இடம் எது தெரியுமா? மறுபடியும் தண்டவாளம்தான். பக்கத்தில் பச்சைக் குழந்தை. போஸ்ட்மேன் சங்கரன் நாயர் எடுத்து வளர்க்கிறார். பிற்பாடு வாத்தியாருக்கு மனசு கரைந்து, பிள்ளையை ஏற்றுக்கொள்கிறார். நல்ல படம், நான் பலமுறை பார்த்த படம். ஆனால் அவர் திருந்தும்போது நீலி இல்லையே!

பிமல் ராயின் ‘சுஜாதா’, 1959. இதில் பெண் சாகவில்லை. வளர்த்த தாய்க்கு ரத்தம் கொடுக்கிறாள். அதற்குப் பிறகுதான் அந்தத் தாய் அவளை மகளாக முழுசாக ஏற்கிறாள். ஒன்று நாம் சாகணும், இல்லை ரத்தம் கொடுக்கணும். அப்போதுதான் சாதி இந்துவின் மனசாட்சி கண் திறக்கும். எடுத்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவரவில்லை. நல்லவர்கள்தான். அந்த நல்லவர்களுடைய கேமராவும் ஊர்த்தெருவில் நின்றுதான் சேரியைப் பார்த்தது என்கிறேன்.

இனி வேறு மாதிரியான இரண்டு படங்கள். பி.வி. காரந்த் கன்னடத்தில் எடுத்த ‘சோமன துடி’, 1975. சிவராம காரந்தின் நாவல். சோமனிடம் உழ மாடு இருக்கிறது, நிலம் இல்லை. அவன் சாதிக்காரன் நிலம் வைத்து உழக்கூடாது. ஆற்றில் மூழ்கும் அவன் பிள்ளையைத் தீட்டு பார்த்துக் காப்பாற்றாமல் விடுகிறார்கள். சோமனுக்கு மிஞ்சுவது அந்தத் துடி ஒன்றுதான். எங்க ஆயாவின் கேள்வியை நேராக எடுத்துக்கொண்ட படம் இது.

இன்னொன்று, இன்றைக்கு நாம் பார்க்கப்போகிற ‘சத்கதி’, 1981. பிரேம்சந்த் கதையைச் சத்யஜித் ராய் தூர்தர்ஷனுக்காக எடுத்தார். ஒரு மணி நேரம்கூட ஓடாது. ஓம் பூரி, ஸ்மிதா பாட்டில். மகள் நிச்சயத்துக்கு நாள் குறிக்கச் சொல்லி பண்டிதரிடம் போகிறான் துக்கி. கூலியில்லாமல், பட்டினியாய், பெரிய மரக்கட்டையைப் பிளக்க வைக்கிறார்கள். அங்கேயே விழுந்து சாகிறான்.

இங்கேயும் நம் ஆள்தான் சாகிறான், உண்மை. ஆனால் இந்தப் படத்தில் யாரும் திருந்தவில்லை. அடுத்து நடப்பதைக் கவனியுங்கள். பிணத்தை எடுக்கச் சேரிக்குச் சொல்லி அனுப்புகிறார் பண்டிதர். ஒருத்தரும் வரவில்லை. விடிவதற்குள் அவரே கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகவேண்டியதாகிறது. செத்த மாட்டைத் தூக்காதே, தின்னாதே என்று 1927இல் மகாடில் பாபாசாகேப் சொன்னார். ‘சத்கதி’யின் அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். கெஞ்சல் இல்லை, தியாகம் இல்லை. வரமாட்டோம், அவ்வளவுதான்.

தம்பிகளே, தங்கச்சிகளே, பழைய படங்களை ஒதுக்காதீர்கள். தேடிப் பாருங்கள், ஆயா அப்பனோடு உட்கார்ந்து பாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள், தப்பில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். யார் செத்தார்? யார் திருந்தினார்? நெல்லு யாரு வூட்டுக்குப் போச்சு?

படத்தைப் போடுங்கப்பா. முடிந்ததும் பேசுவோம்.