தாழ்நிலத்தில் ஒரு விடுதலைக் குன்று



புயல் என்றதும் கடற்கரைதான் நினைவுக்கு வருகிறது. ஆயினும் அதன் பெருங்கொடுமை பல வேளைகளில், கடலையே காணாத உள்நாட்டுச் சிற்றூர்களைக் காற்று அடங்கிய பின்னர் ஆற்றின் வழியே வந்தடைகிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டார் ஆற்றங்கரையில் உள்ள பிரின்ஸ்வில் அதற்குச் சான்று.

1999 செப்டம்பர் 16ஆம் நாள் ஃபிளாய்டு புயல் அம்மாநிலக் கரையைக் கடந்தது. சில நாள்களுக்கு முன்புதான் டென்னிஸ் புயலின் மழையால் மண் நனைந்து நிறைந்திருந்தது. அதன்மேல் ஃபிளாய்டு பல இடங்களில் 15 அங்குலத்திற்கும் மேலாகக் கொட்டியது. ஊறிய நிலம் ஒரு துளியும் ஏற்கவில்லை. பெய்ததெல்லாம் ஓடைகளில் வழிந்து ஆற்றில் சேர்ந்தது. மேல்பகுதி நீர் கீழே வந்து சேர நாள்கள் ஆகும். ஆகவே, வானம் வெளுத்து, 'பிழைத்தோம்' என்று மக்கள் மூச்சுவிட்ட பின்னரே வெள்ளம் உச்சத்தைத் தொட்டது. 19 அடியில் கரைபுரளத் தொடங்கும் ஆறு, எதிர்க்கரையிலுள்ள டார்பரோ நகரில் 41 அடியைத் தாண்டியது. 1960களில் எழுப்பப்பட்ட வெள்ளத் தடுப்புக் கரையால் ஊரைக் காக்க இயலவில்லை. ஏறத்தாழ 2,000 பேர் வாழ்ந்த பிரின்ஸ்வில் பல நாள்கள் நீரில் மூழ்கிக் கிடந்தது. கல்லறைத் தோட்டத்துச் சவப்பெட்டிகளும் மேலெழுந்து மிதந்தன. அப்புயலுக்கு அமெரிக்காவில் பலியான ஐம்பதுக்கும் மேற்பட்டோருள் மிகப் பெரும்பாலோர் மழைவெள்ளத்தில் மூழ்கியவர்களே.

இத்தகைய பள்ளத்தில் ஊர் அமைந்தது ஏன்? விடை 1865இல் இருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்ததும், அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள் இங்கே குடியேறினர். அவ்விடத்திற்கு 'விடுதலைக் குன்று' என்று பெயரிட்டனர். பெயர்தான் குன்று, நிலமோ வெள்ளையர் வேண்டாமென்று விட்ட சதுப்புத் தாழ்வு. மேட்டு நிலம் அவர்களுக்குக் கிட்டவில்லை. 1885இல் அது முறையான ஊராட்சி உரிமை பெற்று, டர்னர் பிரின்ஸ் என்னும் தச்சரின் பெயரைத் தாங்கியது. கறுப்பின மக்கள் தாமே நிறுவிச் சட்ட உரிமை பெற்ற அந்நாட்டின் மிகப் பழைய ஊர் என அது போற்றப்படுகிறது.

நீர் தாழ்வை நாடுவது இயற்கை. ஒரு மக்கள் கூட்டத்தைத் தாழ்விலே நிறுத்தியது மனிதர் செயல். இவ்விரண்டையும் 'இயற்கைச் சீற்றம்' என்னும் ஒரே சொல்லில் அடக்குவது வரலாற்றை மறைப்பதாகும்.

வெள்ளம் வடிந்தபின், வீடுகளை அரசுக்கு விற்றுவிட்டு வேறிடம் செல்லும் வாய்ப்பு வந்தது. ஊர் மன்றம் கருத்து வேறுபாட்டினிடையே, மிகக் குறுகிய பெரும்பான்மையில், கரையைச் செப்பனிட்டு அங்கேயே வாழ்வதென முடிவு செய்தது. 2016 அக்டோபரில் மாத்யூ புயலால் ஊருக்குள் மீண்டும் வெள்ளம் புகுந்தது.

அம்முடிவை அறியாமை என்று இகழ்வது எளிது. பிறர் நிலத்தில் உழைத்தே மடிந்த தலைமுறைகளின் வழிவந்தோர்க்கு, தமக்கென வாய்த்த முதல் மண் அது. முன்னோரை அடக்கம் செய்த மண்ணும் அதுவே. ஆயினும் பற்று மட்டும் நீரைத் தடுத்துவிடாது. உயிரா, ஊரா என்ற கொடிய வினா அவர்கள் முன் நின்றது. அவ்வினாவை அவர்கள்மேல் சுமத்தியது புயல் மட்டுமன்று.

எங்கேனும் ஓர் ஊர் வெள்ளத்தில் மூழ்கியது என்ற செய்தி வரும்போது, எத்தனை அங்குல மழை என்று கேட்பதோடு நில்லாமல், அங்கே வாழ்ந்தோர் யார், அவர்கள் ஏன் அங்கே வாழ நேர்ந்தது என்றும் கேட்போமாக.