இரண்டாவது நாற்காலி

மைக் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிறதா? கேட்கிறது. எனக்குப் பின்னால் கட்டியிருக்கிற பேனர் தெரிகிறதா? தெரிகிறது. அப்படியானால் அவையோரே, இந்தக் கள்ளக்குறிச்சியில் இன்று மாலை ஒரு கூட்டம் நடக்கிறது என்று அறிந்துகொள்ள உங்களுக்கு இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்றை அடைத்தாலும் மற்றொன்றில் நுழைந்துவிடுவீர்கள். கண் தெரியாதவர் வந்தால் என் குரல் போதும். காது கேளாதவர் வந்தால் மேடையோரம் ஒருவரை நிறுத்திச் சைகைமொழியில் சொல்ல வைக்கலாம். கண்ணும் காதும் சேர்ந்து போன ஒருவர் வந்து முதல் வரிசையில் அமர்ந்தால், அவருக்கு இந்தக் கூட்டம் என்ன? ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறிக் காற்று, பக்கத்தில் இருப்பவரின் முழங்கை. அவ்வளவுதான். ஒரு புலனின் நஷ்டத்தை இன்னொரு புலன் ஈடுகட்டிவிடும் என்பதுதான் நம்முடைய எல்லா உதவித் திட்டங்களுக்கும் அஸ்திவாரம். ஈடுகட்ட எதுவுமில்லாத மனிதருக்கு முன்னால் அந்த அஸ்திவாரம் சரிந்துவிடுகிறது. அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே வாசல் கை. பக்கத்து நாற்காலியில் ஒருவர் அமர்ந்து, அந்தக் கையைப் பிடித்துச் சேதி சொன்னால் அவர் கூட்டத்துக்குள் வந்துவிடுவார். அந்த ஆள் இல்லாததால்தான் அவர் வெளியே நிற்கிறார். தட்டுங்கள், தட்டுங்கள். ஆனால் இந்தக் கைதட்டல் எனக்குக் கேட்கிறது, அவருக்கு எட்டாது. அவருக்குக் கைதட்ட வேண்டுமானால் எழுந்து போய் முதுகில் தட்ட வேண்டும்!

கையால் அறிவது என்ன பெரிய அறிவு என்று கேட்பவரைத் திருக்கோவலூருக்கு அனுப்பி வையுங்கள். நம் மாவட்டத்து ஊர். மழை கொட்டுகிற ராத்திரி, விளக்கில்லாத இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற இடத்தில் பொய்கையாரும் பூதத்தாரும் பேயாரும் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். நான்காவதாக ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று எப்படித் தெரிந்தது? பார்க்கவில்லை. குரல் கேட்கவில்லை. நெருக்கியது, தெரிந்தது. நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தின் முதல் மூன்று அந்தாதிகளுக்கு வைணவ மரபு சொல்லும் பிறப்புக் கதை இது. தோலுக்குத் தெரிந்ததைக் கண்ணுக்குத் தெரிந்ததற்குக் குறைவாக வைக்காத ஊர்க்காரர்கள் நாம். இங்கே மரம் செதுக்குகிறவரைக் கேளுங்கள், புவிசார் குறியீடு வாங்கிய கைகள் அவை. வழவழப்பு வந்துவிட்டதா என்று விரலை ஓட்டித்தான் பார்ப்பார். இருந்தாலும் நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இடைகழியில் நின்ற மூவருக்கும் காது இருந்தது, பேசிக்கொண்டார்கள். இருளோடு மௌனமும் சேர்ந்துவிட்டால் நெருக்கம் மட்டும் போதாது. நெருக்கத்தை மொழியாக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவரைத்தான் உலகம் எப்போதும் மறந்துவிடுகிறது. ஹெலன் கெல்லரைத் தெரியாத பள்ளிக்கூடம் உண்டா? 1904-இல் பட்டம் பெற்றார், 1955-இல் நம் நாட்டுக்கு வந்தார், எல்லாம் சொல்வோம். 1887-இல் அந்தச் சிறுமியின் உள்ளங்கையில் விரலால் எழுத்துக் கூட்டத் தொடங்கி, 1936-இல் கண்மூடும் வரை கூட இருந்த ஆன் சல்லிவன் சம்பளம் வாங்கிய ஆசிரியை என்பதைச் சொல்ல மாட்டோம். ஜப்பானுக்கு வாருங்கள். சதோஷி ஃபுகுஷிமா ஒன்பது வயதில் பார்வையையும் பதினெட்டில் செவியையும் இழந்தவர். ஒருநாள் சமையலறையில் நின்ற அவருடைய தாய், பிரெயில் கருவியை எடுத்து வர நேரமில்லாமல், மகனின் ஆறு விரல்களையே கருவியின் ஆறு விசைகளாக வைத்துத் தட்டிச் சேதி சொன்னார். விரல் பிரெயில் பிறந்தது. அந்த மகன் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஆனார். தமிழ் பிரெயிலுக்கும் அதே ஆறு புள்ளிதான், நமக்கும் இரண்டு கையிலும் சேர்த்துப் பத்து விரல் உண்டு! ஆனால் ஜப்பான் தாயன்போடு நிறுத்திக்கொள்ளவில்லை. வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளருமாக ஒருவரை அரசுச் செலவில் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தது. நம்மிடம் அந்தக் கைக்காரருக்குப் பதவியின் பெயரே இல்லை.

"எத்தனை பேர் இருப்பார்கள், இவர்களுக்காக ஒரு பதவியா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, எண்ணிவிட்டுக் கேட்டிருந்தால். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைச் சொன்னது. அதில் 21 லட்சம் பேரைப் பல்வகைக் குறைபாடு என்று ஒரே மூட்டையில் கட்டியது. நாம் தேடுகிறவர்கள் அந்த மூட்டைக்குள் கிடக்கிறார்கள். உலகப் பார்வை-செவித்திறன் இழந்தோர் கூட்டமைப்பு 2018-இல் தந்த மதிப்பீடு, கடுமையான நிலையில் ஆயிரத்துக்கு இருவர். நம் மாவட்டப் பகுதியில் 2011 கணக்கெடுப்பின்படி 13 லட்சத்து 70 ஆயிரம் பேர். பெருக்கிப் பாருங்கள், இரண்டாயிரத்து எழுநூறு வருகிறது. மதிப்பீடுதான், ஆனால் ஒரு கல்யாண மண்டபம் கொள்ளாத கூட்டம். இவர்கள் எங்கே? பெரும்பாலோர் வீட்டுத் திண்ணையில். கண்ணில் புரை, காதில் அடைப்பு, "வயசாச்சு" என்று நாமே முடிவு கட்டிய பெரியவர்கள். மீதிப் பேரில் கர்ப்பத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்ததால் இப்படிப் பிறந்த பிள்ளைகள் உண்டு. 2017-இல் தமிழ்நாடு முதல் வரிசையில் நின்று தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி அந்த வாசலை அடைக்கத்தான். இன்னொன்று அஷர் நோய். பிறவியிலேயே காது கேளாத பிள்ளை, வளர வளரப் பொழுது சாய்ந்தால் தடுக்கி விழும். மாலைக்கண் என்று கீரை கொடுப்பார்கள். கீரைக்குக் கட்டுப்படாத மாலைக்கண் அது, விழித்திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வரும். இருவழியாகவும் மரபணு வந்தால்தான் இந்த நோய். தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டிவைக்கிற நமக்கு இதைச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? எண்ணாமல் விடுவது நமக்குப் புதிதல்ல. 2024 ஜூனில் இதே கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிரைக் குடித்தபோது சாவை எண்ணினோம். மெத்தனால் பார்வை நரம்பைத் தின்னும் விஷம் என்பதும், பிழைத்தவரின் கண்ணைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பதும் நம் கணக்கில் ஏறவில்லை.

சில பேர் இருக்கிறார்கள். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும், சிரிக்கிறீர்கள். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் பிறந்தால் மூன்று சக்கர வண்டி, வெள்ளைக் கோல், காதொலிக் கருவி. ஒரு காதொலிக் கருவியை நான்கு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். என்ன பாரம் ஐயா அது, ஆறு மூட்டை நெல்லா? வாங்குகிறவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று படத்தில் தெரியாது. கொடுக்கிறவர் கேமராவைப் பார்ப்பது நன்றாகத் தெரியும். அடுத்த டிசம்பருக்கு அதே மனிதர், அதே சால்வை. அந்த நான்கு கையில் ஒரு கை அவர் உள்ளங்கையில் "வணக்கம்" என்று எழுதியிருந்தால், தன்னைச் சுற்றி நான்கு பேர் நிற்கிறார்கள் என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும். சரி, விட்டுவிடுகிறேன், விட மனமில்லை, இருந்தாலும் விடுகிறேன். சட்டம் மட்டும் என்ன வாழ்கிறது? 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இவர்களுக்குப் பெயரே இல்லை. 2016 சட்டம் பெயர் கொடுத்தது, அரசு வேலைவாய்ப்பில் நான்கு சதவீத ஒதுக்கீடும் கொடுத்தது. அதில் கடைசி ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாவற்றோடும் இவர்களும் பங்கிட வேண்டும். பந்தியில் இலை போட்டாயிற்று. ஒரே இலையில் ஐந்து பேர்.

"குடும்பம் பார்த்துக்கொள்ளும்" என்பது அடுத்த வாதம். குடும்பம் சோறு ஊட்டும், குளிப்பாட்டும். தாய் கண்டுபிடித்த நான்கு தொடுகைக் குறிகள் அந்தத் தாயோடு போய்விடும். பங்காளித் தகராறில் பத்திரத்துக்குக் கைநாட்டு வைக்கும்போது, என்ன எழுதியிருக்கிறது என்று அதே பங்காளிதான் கையில் எழுதிச் சொல்ல வேண்டுமா? குடும்பத்துக்கு வெளியே, கூலி பெற்று, ஒளிக்காமல் சொல்கிற ஒருவர் வேண்டும். "ரோடே ஒழுங்காக இல்லாத கல்வராயன் மலைக்கு இதெல்லாம் ஆடம்பரம்" என்பவரும் உண்டு. மூன்று ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த அந்த மலை அரசின் கைக்கு வந்ததே 1976-இல்தான். காத்திருந்தது போதாதா? பல்வகைக் குறைபாடுகளுக்கென்று 2005-இல் தொடங்கிய தேசிய நிறுவனம் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் கடற்கரையோரம் இருக்கிறது. கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைத் தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி, சென்னை என்று பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் மலைக்கு வந்து, மலையாளிப் பழங்குடி வீட்டுப் பெண்கள் பத்துப் பேருக்குக் கற்றுக் கொடுத்தால், ரோடு வரும் முன்பே வேலை நடக்கும். செல்போன் பார்த்துக்கொள்ளும் என்றால், அதோடு இணைக்க வேண்டிய, புள்ளிகள் எழும்பி விழும் பிரெயில் திரையின் விலையைக் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். அதை வாங்கினாலும் கடைத்தெருவில் லாரி வருவதை அது சொல்லாது.

இப்போது வாய்ப்பு ஒன்று வந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் உள்ளாட்சிச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. மாநிலத்தின் எல்லாக் கிராம ஊராட்சிகளிலும் தலைக்கு ஒரு மாற்றுத்திறனாளி நியமன உறுப்பினர். நல்ல சட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஆண்டுக்கு ஆறு கிராம சபை எப்படி நடக்கிறது? பலகையில் நோட்டீஸ், மைக்கில் தீர்மானம். பலகை கண்ணுக்கு, மைக் காதுக்கு. மலையில் ஓர் ஊராட்சியில் நான் சொல்லும் மனிதர் உறுப்பினராகிறார் என்று வையுங்கள். "பேச மாட்டார், கேட்க மாட்டார், இவர் எதற்கு?" என்பார்கள். அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, அதில் அமர்பவருக்கு நாள் சம்பளம் எழுதுங்கள். தீர்மானத்தை வரிக்கு வரி அவர் விரலில் தட்டட்டும், அவர் சொல்வதைச் சபைக்கு எடுத்துச் சொல்லட்டும். அதே 2016 சட்டத்தின் 38-ஆவது பிரிவு, உயர் ஆதரவு தேவைப்படுகிறவர் அதைக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்கிறது. விண்ணப்பத்தை எழுதித் தர இந்த அவையிலேயே ஆள் உண்டு, பேனா உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் இருக்கிறது, திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். போகிறவர்கள் மேடைக்குப் பின்னால் வந்து பெயர் கொடுங்கள், நானும் வருகிறேன்.