நாம் நிற்கும் நிலம்

(ஜாம்ஷெட்பூரில் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. இவ்வாண்டு செயலாளர் அவர்கள் என் இல்லத்திற்கு வந்து, "கல்லூரியில் புதிய வகுப்பு ஒன்று தொடங்கியிருக்கிறீர்களாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று பணித்தார்கள். "அது இயற்கைப் புவியியல்" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், "பூகோளந்தானே? அதையும் சுவையாகச் சொல்லலாம்" என்று என்னைத் தேற்றினார்கள். 'அதையும்' என்னும் அந்த உம்மையில் எங்கள் துறையின் நிலைமை முழுவதும் அடங்கிவிட்டது.

சென்ற ஜூலையில் முதலாண்டு மாணவர்க்கு அவ்வகுப்பைத் தொடங்கியபோது பத்தொன்பது பேர் வந்து அமர்ந்தனர். அவர்களுள் விரும்பி வந்தவர் நால்வர். ஏனையோர் வேறு பாடத்தில் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். தலைநகரங்களையும் ஆறுகளையும் மனப்பாடம் செய்யச் சொல்லுவேன் என்றே அவர்கள் எண்ணியிருந்தனர். பாடநூலோ சூரிய மண்டலத்தின் தோற்றத்திலிருந்து தொடங்குகிறது. முன்பு வேறோர் ஊரில் பணியாற்றிய காலத்தில் நானும் அவ்வாறே தொடங்கியிருக்கிறேன். நான்காம் நாளே மாணவர் கண்கள் சன்னலை நாடிப் போய்விட்டன. சன்னலுக்கு வெளியே இருந்ததுதான் பாடம் என்பது எனக்கு அப்பொழுது தோன்றவில்லை.

ஆதலின் இம்முறை நூலை மூடி வைத்துவிட்டு, ஒரு மீட்டர் நீளமுள்ள மூங்கிற் குச்சி ஒன்றையும், கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்றையும் கொண்டு வகுப்பைத் தொடங்கினேன். கல்லூரித் திடலில் குச்சியைச் செங்குத்தாக நாட்டினோம். நண்பகலில் நிழல் எவ்வளவு குறுகுகிறது, எத்திசையில் விழுகிறது என்று காண்பதே முதற் பாடம். 'நண்பகல் என்றால் பன்னிரண்டு மணிதானே?' என்று மாணவர் கேட்டனர். அன்று நிழல் மிகக் குறுகியது 11 மணி 51 நிமிடத்தில். நம் நாட்டுக் கடிகாரங்கள் அனைத்தும் மிர்சாபூர் அருகே செல்லும் 82½ பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுவன; நாமோ அதற்குக் கிழக்கே 86 பாகைக்கும் அப்பால் வாழ்கிறோம். நம் உச்சிப்பொழுது கடிகாரத்திற்கு முந்திவிடுகிறது. ஆண்டின் நாளைப் பொறுத்து அம்முந்துதல் சில நிமிடங்கள் கூடும், குறையும். மணி அடிப்பதும் பொழுது உச்சிக்கு வருவதும் ஒன்றல்ல என்று கண்டபோதே பத்தொன்பது பேரும் குச்சியை நெருங்கி வந்து நின்றனர்.

அவர்களுள் நம் காலனிப் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய பாட்டியார் கும்பகோணத்தில் வசிக்கிறார். அங்கும் ஒரு குச்சியை நாட்டி அளக்கச் சொல்லலாமே என்று அவள்தான் முதலில் சொன்னாள். பாட்டியார் வீட்டு முற்றத்தில் குச்சி ஏறியது. இங்கே மூன்று நாள் மழைமேகம்; ஆகஸ்ட் 5ஆம் நாள் இரண்டு ஊரிலும் வெயில் அடித்தது. இங்கே நிழல் பத்து சென்டிமீட்டர், வடக்கு நோக்கி. கும்பகோணத்தில் பதினொரு சென்டிமீட்டர், தெற்கு நோக்கி! திசையைத் தவறாகப் பார்த்திருப்பார் என்று எண்ணிப் பெயர்த்தி கைப்பேசியில் கேட்க, "ஏண்டி அம்மா, நிழல் கிணற்றுப் பக்கம் விழுகிறது. நம் வீட்டுக் கிணறு தெற்கே இல்லாமல் வேறு எங்கே இருக்கிறது?" என்று அவ்வம்மையார் கடிந்துகொண்டார்.

பாட்டியார் சொன்னதே சரி. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஞாயிறு தெற்கு நோக்கி மீண்டு வரும் வழியில், ஏறத்தாழ 17 பாகை அட்சரேகையின் நேர்மேலே நிற்கிறது. நமக்கு அது தெற்கே. கும்பகோணத்தார்க்கு அது வடக்கே. ஒரே சூரியன் இரு வீட்டு நிழலையும் எதிரெதிராகத் தள்ளுகிறது. பத்து சென்டிமீட்டர் நிழல் ஏறக்குறைய 5.7 பாகைக் கோணம், பதினொன்று 6.3 பாகை. இரண்டும் சேர்ந்து 12. முழுவட்டம் 360 பாகை ஆதலால், இரண்டு ஊருக்கும் இடையே உள்ள தென்வடல் தொலைவு பூமிச் சுற்றளவில் முப்பதில் ஒரு பங்கு. நிலப்படத்தில் அளந்த தொலைவு 1,310 கிலோமீட்டர். முப்பதால் பெருக்கினால் 39,300. துருவங்களின் வழியாக அளந்த உண்மைச் சுற்றளவு 40,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டில் எரட்டோஸ்தனீஸ் என்பார் செய்த கணக்கை ஒரு கும்பகோணத்துப் பாட்டியாரும் ஜாம்ஷெட்பூர்ப் பெயர்த்தியும் பள்ளிக்கூட அளவுகோலைக் கொண்டு செய்து முடித்தனர். அதற்குப் பின்னரே சூரிய மண்டலப் பாடத்தைத் திறந்தேன். எவரும் சன்னலை நோக்கவில்லை.

அடுத்து, பாறை. இங்கு வந்து நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த பெரியவர்களிடமும் 'நம் ஊர்' எது என்று கேட்டால், திருநெல்வேலி என்றோ தஞ்சாவூர் என்றோதான் விடை வரும். அது இயல்பே, நானும் அப்படித்தான் சொல்லுகிறேன். எனினும் நாள்தோறும் மிதிக்கும் நிலத்தின் பழமையை அறியாமல் இருப்பது நமக்கு ஒரு குறைதான். இச்சிங்பூம் நிலம் உலகின் மிகத் தொன்மையான நிலத்துண்டுகளுள் ஒன்று. இங்குள்ள பாறைகள் சில 300 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. ஏறத்தாழ 320 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்நிலம் கடல்மட்டத்திற்கு மேல் தலைதூக்கியிருக்க வேண்டும் என்று, இங்குள்ள பழைய மணற்கற்களைச் சான்றாகக் கொண்டு ஆய்வாளர் சிலர் 2021இல் எழுதினர். இமயமலையை எழச் செய்த மோதல் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகளே ஆயின. நம் வீட்டு மாடியிலிருந்து தெரியும் தல்மா மலையும் பண்டைய எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பாறைகளைக் கொண்டதே. எதிரே இமயத்தை வைத்தால் அதன் உயரம் ஒன்றுமில்லை. வயதில் இமயம் அதற்குப் பேரப்பிள்ளை முறையாகக்கூட ஆகாது.

பாறையைப் பற்றிச் சொல்லும்போது, நம்மைப்போல் ஊர்பெயர்ந்து வந்த ஒரு கல்லைப் பற்றியும் கூறவேண்டும். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையின் மீது கருநிறக் கல் ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. அக்கல் நம் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறையை ஒத்திருப்பதைக் கண்ட தாமஸ் ஹாலண்டு என்னும் நிலநூலறிஞர், அவ்வினத்திற்கே சார்னோக்கைட்டு என்று பெயரிட்டார். சென்னைப் பாறைக்குக் கல்கத்தாக் கல்லறையிலிருந்து பெயர் வந்தது. இதைக் கேட்ட வங்க மாணவன் ஒருவன், விடுமுறையில் அக்கல்லறைக்கே சென்று நிழற்படம் எடுத்து வந்தான். தேர்வுக்கு அது உதவாது என்று நான் எச்சரித்தும் அவன் பொருட்படுத்தவில்லை.

நாம் இங்கு வந்து சேர்ந்ததற்கும் இப்பாறைதான் காரணம். பண்டைக் கடலில் கரைந்திருந்த இரும்பு அடுக்கடுக்காகப் படிந்து கிடந்ததனால்தான் இப்பகுதியில் இரும்புத்தாது உண்டாயிற்று. மயூர்பஞ்சில் கோருமகிஷானி மலையில் உள்ள தாதுவைப் பற்றி பி. என். போஸ் 1904இல் எழுதிய கடிதமும், சாக்சி என்னும் சிற்றூருக்கு அருகே சுவர்ணரேகையும் கர்காயும் கூடித் தந்த நீரும் இங்கே ஆலையை அழைத்து வந்தன. 1919இல் ஊருக்கு இப்பெயர் சூட்டப்பட்டது. நம் தாத்தாமார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரயிலேறியதை அதன் பின்னர்தான் கணக்கில் எழுதவேண்டும்.

மழையைப் பற்றி ஒரு சொல். தீபாவளி வந்தால், 'ஊரில் அடைமழை, பட்டாசு நனைந்துவிட்டது' என்று அங்கிருந்து செய்தி வரும். நாம் இங்கே தெளிந்த வானத்தின் கீழ் மத்தாப்புக் கொளுத்துவோம். ஐப்பசியில் வீசும் வடகிழக்குக் காற்று வங்கக் கடலைக் கடந்து நீரை முகந்துகொண்டு தமிழகக் கரையை அடைகிறது. நம்மை அடையும் காற்றோ நிலத்தின் வழியாகவே வருவதனால் வறண்டு வருகிறது. நம் பங்கு மழையை ஜூன் முதல் செப்டம்பர் வரையிலேயே பெரும்பாலும் பெற்று முடித்துவிடுகிறோம்.

அந்த மழையைத் தொடர்ந்து ஆற்றிற்கு வருகிறேன். இப்பகுதியைச் சொல்வதற்குச் சிறிது துணிவு வேண்டும்; என் துணைவியார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

காலனியில் வாழ்வோர் அனைவரும் அறிந்த கவலை ஒன்று உண்டு. பணி ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு எங்கே போவது? ஊருக்குத் திரும்பினால் பிள்ளைகள் இங்கே. இங்கே தங்கினால் கூரை இல்லை. நாங்கள் இருக்கும் வீடும் என் துணைவியாரின் பணியின்பேரில் கிடைத்தது. அவர்கள் ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே உள்ளன. ஆதலால் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு மனையைப் பார்த்து முன்பணமும் கொடுத்திருந்தேன். விலை மலிவு, குளிர்ந்த காற்று, மாலையில் தல்மாவின் காட்சி. வேறென்ன வேண்டும் என்று எண்ணினேன்.

செப்டம்பரில் மாணவரை அழைத்துக்கொண்டு ஆற்றைக் காணச் சென்றேன். இரண்டு ஆறும் கூடும் தோமுகானியில் தொடங்கிக் கரையோரமாக நடந்தோம். வளைவின் வெளிப்புறத்தில் ஆறு கரையை அரிப்பதும், உட்புறத்தில் மணலைச் சேர்ப்பதும் கண்கூடாகத் தெரிந்தன. மேலே சாண்டில் அணை இருக்கிறது. பெருமழைக் காலத்தில் அதன் மதகுகளைத் திறக்கும்போது சுவர்ணரேகை நிமிர்ந்து நிற்கும். அப்பொழுது கர்காய் தன் நீரை அதனுள் செலுத்த முடியாமல் பின்வாங்கித் தாழ்ந்த இடமெல்லாம் பரவும். இதையெல்லாம் நான் விரிவாகவே விளக்கினேன். விளக்கிக்கொண்டே நான் முன்பணம் கொடுத்த மனைக்கும் வந்து சேர்ந்தோம். அதை நான் எவரிடமும் சொல்லவில்லை.

அவ்வகுப்பில் ஒரு பையன், வாய் திறவாதவன். ஆற்றோரத் தாழ்வான குடியிருப்பில் வளர்ந்தவன். அங்கே நின்ற மருதமரத்தை அவன் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தான். பின்பு, "ஐயா, அந்தக் கவட்டைப் பாருங்கள்" என்றான். தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் காய்ந்த புல்லும் கிழிந்த பிளாஸ்டிக் பையும் சிக்கித் தொங்கின. "அது காற்றில் வந்ததன்று. எங்கள் வீட்டுப் பக்கத்து மரங்களிலும் இப்படித்தான் இருக்கும். வெள்ளம் வந்தால் அவ்வளவு உயரம் ஏறும்" என்றான். அடுத்த மனையில் கிணற்றுக்குத் தோண்டிய குழி ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தோம். மேலே இரண்டடி செம்மண், அது அண்மையில் லாரியில் கொண்டுவந்து கொட்டியது. அதன் கீழே மணலும் உருண்டைக் கூழாங்கல்லும் மாறி மாறி அடுக்கி இருந்தன. உருண்ட கல் என்றால் நீர் உருட்டிய கல். அதையும் அந்த மாணவர்களுக்கு முந்திய வாரம் கற்பித்தவன் நானே.

"இங்கே வீடு கட்டுவாரும் உண்டோ?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தனர். சற்று நேரம் பேசாமல் நின்றேன். பிறகு, "இந்த மனை நான் வாங்க இருந்தது" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பையன் மட்டும் மெல்ல, "பத்திரம் முடிந்துவிட்டதா ஐயா?" என்று கேட்டான். முடியவில்லை என்றேன். அவன் முகத்தில் கண்ட நிம்மதியை நான் மறக்கமாட்டேன். அவன் தந்தை மலிவு கருதி அத்தகைய இடத்தில் வீடு கட்டியவர். மழைக்காலந்தோறும் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றி வைத்துவிட்டு உறங்குவார்களாம்.

முன்பணம் திரும்பி வரவில்லை. வீட்டில் நான் கேட்ட சொற்களை இங்கே கூறுவது முறையன்று. இருபத்தெட்டு ஆண்டுகள் பூகோளம் கற்பித்தவன் மரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதே அவற்றின் சாரம்.

பெற்றோர் சிலர் என்னிடம், "இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்கிறீர்கள். கிடைக்கும் என்று உறுதி கூற மாட்டேன். நில அளவை, நீர்வளம், நகர அமைப்பு, செயற்கைக்கோள் படங்களைப் படித்தறிதல் ஆகியவற்றிற்கு இது முதற்படி. அதற்கு மேல் ஏறுவது அவரவர் முயற்சி. பொறியியல் படிக்கும் பிள்ளையும் ஓராண்டு இதைப் படித்தால் நன்று என்பது என் கருத்து, கேட்பவர் சிலரே. பத்தொன்பதில் ஐவர் இடையில் விலகிவிட்டனர் என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறேன். விலகாதவர்களுள் அந்தப் பையன் இப்பொழுது தன் குடியிருப்பில் வெள்ளச் சுவடு உள்ள மரங்களையும் சுவர்களையும் ஒவ்வொன்றாக அளந்து ஒரு படம் வரைந்துகொண்டிருக்கிறான். இதுவரை நாற்பத்தொரு குறிகள் ஏறியுள்ளன. பாதிப் படம் வெறுமையாக இருக்கிறது.

அதை முடிக்க ஆட்கள் வேண்டும். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தோமுகானியில் கூடுகிறோம். அளவு நாடாவும் தேய்ந்தால் கவலைப்படாத செருப்பும் இருந்தால் போதும். மனை வாங்க எண்ணியிருப்போர், தாம் பார்த்து வைத்திருக்கும் இடத்தைச் சொன்னால் அவ்வழியாகவே நடப்போம். கும்பகோணத்துப் பாட்டியாரும் தம் பெயர்த்தியைக் காண அந்த வாரம் இங்கு வருகிறாராம். குச்சியையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.