குடவோலை ஊருக்குப் பக்கத்தில் நம் குழு



நம்ம திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை எடுத்து வாரியம் அமைத்தார்கள். கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவர் உறவினருக்கும் இல்லை. ஆனால் நிலமில்லாதவருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை.

2016-ல் தொடங்கிய மாஸ்டடான் என்ற சமூக வலைதளத்துக்கும் ஒரே முதலாளி கிடையாது. ஒவ்வொரு சர்வருக்கும் தனி விதி, தனிப் பொறுப்பாளர். கட்டுப்பாடு இல்லாத சர்வரோடு மற்றவர்கள் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளலாம்.

நம்ம குழு வாட்ஸ்அப்பும் நம்ம கையில்தான். தவணை கட்டாத அக்கா பேரை அதில் போட்டால் கடன் வந்துடுமா? மானம்தான் போகும், அடுத்த கூட்டத்துக்கே அவங்க வரமாட்டாங்க.

அதனால் இப்படித் தீர்மானம் போடுவோம். கடன் பேச்சு கூட்டத்தில் மட்டும். யாரையாவது நீக்கினால், அவங்க சொல்வதைக் கேட்ட பிறகே நீக்கணும். காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதணும். அட்மின் பொறுப்பு வருஷா வருஷம் மாறணும்.

அன்று நமக்கு இல்லாத இடம் இன்று இருக்கு. நம்ம விதியை நாமே எழுதுவோம்.