கொல்லிமலையில் நாளை மழை வருமா?



நாளை மழை வருமா என்பது உழவர்களின் பழைய கேள்வி. கொல்லிமலையில் இக்கேள்விக்குப் பொருள் அதிகம். அறுத்த சாமைக் கதிர் களத்தில் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை முடியுமுன்பே காப்பிப் பழம் பறிக்கும் வேலை தொடங்கிவிடும். உலர்த்தப் பரப்பிய காப்பி ஓரிரவு நனைந்தால் பூசணம் பிடிக்கும், விலை இறங்கும். ஓராண்டு உழைப்பின் பயன் ஒரு மாலை மழையில் குறைந்துபோவதும் உண்டு.

இக்கேள்விக்கு விடை கூற இன்று மேசைக் கணினி முன்வந்துள்ளது. விண்டோஸ் கணினிகளில் 2021ஆம் ஆண்டு முதல் திரையின் கீழோரத்திலேயே வெப்பநிலையும் சிறு மேகப் படமும் தோன்றுகின்றன. இணையத் தொடர்பு இருந்தால் போதும். ஆயினும் அத்திரை எந்த ஊரின் வானிலையைச் சொல்கிறது என்பதை முதலில் ஆராய வேண்டும்.

கணினி தான் இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் இணையத் தொடர்பின் முகவரியைக் கொண்டே ஊகிக்கிறது. அம்முகவரி பதிவாகியிருப்பது தொலைவிலுள்ள ஒரு நகரமாக இருக்கலாம். ஆகவே செம்மேட்டில் அமர்ந்திருப்பவருக்குச் சேலத்தின் வெயிலையோ சென்னையின் மழையையோ அது காட்டக்கூடும். இதற்குப் பரிகாரம் எளிது. நிரலின் அமைப்புப் பகுதியில் இடத்தின் பெயரை நாமே குறிக்கலாம். பெயர் அகப்படாவிட்டால், ஏறத்தாழ 11.3 பாகை வடக்கு, 78.3 பாகை கிழக்கு என்று அட்சரேகை தீர்க்கரேகைகளை எழுத இடம் தரும் நிரல்களும் உண்டு.

இடம் சரியானாலும் உயரம் என்றொரு சிக்கல் எஞ்சி நிற்கிறது. நாமக்கல் நகரம் கடல்மட்டத்திற்குமேல் சுமார் 200 மீட்டர் உயரத்தில் உள்ளது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுள்ள மலைநாட்டை அடைகிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரைப் பாகை குறையும் என்பது விஞ்ஞானம் கண்ட உண்மை. நாமக்கல்லில் 32 பாகை என்றால் மேலே 26 பாகைக்கு அருகில் இருக்கலாம்.

மழையின் கதை இதனினும் நுட்பமானது. அதை விளங்கிக்கொள்ள, முன்னறிவிப்பு எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சற்றே காண்போம். ரிச்சர்ட்ஸன் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1922ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நிலப்பரப்பைச் சதுரங்கப் பலகைபோல் கட்டங்களாகப் பிரித்து, கட்டந்தோறும் காற்றழுத்தத்தையும் காற்றையும் ஈரத்தையும் கணக்கிட்டால் வருவதை உரைக்கலாம் என்பது அவர் கண்ட வழி. ஆறு மணி நேர வானிலையைக் கையால் கணக்கிட அவருக்கு ஆறு வாரங்கள் சென்றன, விடையும் பிழையாயிற்று. 1950இல் அமெரிக்காவில் ஒரு மின்னணுக் கணிப்பொறி அவ்வேலையை முதன்முதலாக நிறைவேற்றிற்று. இன்றைய முன்னறிவிப்புகளும் அடிப்படையில் இக்கட்டக் கணக்கையே சார்ந்தவை.

நம் நாட்டு வானிலைத் துறை கையாண்டுவந்த உலகளாவிய கணக்கில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 12 கிலோமீட்டர். கொல்லிமலையின் பரப்போ ஏறத்தாழ 280 சதுரக் கிலோமீட்டர். அதாவது, முழு மலையின் பரப்பும் ஏறத்தாழ இரண்டே கட்டங்களின் பரப்புக்குச் சமம்! ஒரு கட்டத்துக்கு ஒரே சராசரி உயரந்தான். சிகரமும் பள்ளமும் அதில் சமமாகிவிடுகின்றன. 2025ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பெற்ற பாரத் முன்னறிவிப்பு முறையில் கட்டத்தின் பக்கம் 6 கிலோமீட்டராகக் குறைந்தது. இது பெரிய முன்னேற்றமே. எனினும் வளப்பூர் நாட்டில் கொட்டும் மழை அரியூர் நாட்டை எட்டாமலே போகும் மாலைகளை இக்கட்டமும் முழுதும் பிடித்துவிடாது.

அப்படியாயின் திரையை நம்பலாகாதோ? நம்பலாம், அதன் மொழியறிந்து நம்ப வேண்டும். "மழைக்கு 40 விழுக்காடு" என்றால், இவ்வாறு சொல்லப்பட்ட பத்து நாட்களில் சுமார் நான்கு நாட்கள் மழை பெய்யும் என்பது கருத்து. தார்ப்பாயை அருகில் வைத்துக்கொண்டு காப்பியைப் பரப்பலாம் என்று அதற்குப் பொருள் கொள்வது விவேகம். நாளைய அறிவிப்பு ஏழாம் நாளுக்குரிய அறிவிப்பைவிட உறுதியானது என்பதையும் மறத்தல் ஆகாது.

இங்கே ஒரு முன்மாதிரியைக் குறிப்பிடுதல் பொருந்தும். கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணி புரிந்துவரும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998ஆம் ஆண்டில் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் நிலையங்களை அமைக்கத் தொடங்கிற்று. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியான அலை உயர முன்னறிவிப்பைக் கணினியில் எடுத்து, வீராம்பட்டினம் மீனவர்கள் கேட்குமாறு தமிழில் ஒலிபெருக்கி வழியே அறிவித்தார்கள். எங்கோ கணக்கிட்ட எண், கட்டுமரம் தள்ளுவோரின் காதுக்குச் சென்றது. கணினி ஓரிடத்தில் இருந்தாலும் பயன் ஊர் முழுமைக்கும் கிடைத்தது.

மலையிலும் இது இயலும். ஊராட்சி அலுவலகத்திலோ பள்ளியிலோ உள்ள கணினியில் நாள்தோறும் அறிவிப்பைப் பார்த்து, வாசலில் ஒரு கரும்பலகையில் எழுதிவைக்கலாம். அத்துடன் ஒரு மழைமானியும் வேண்டும். பக்கங்கள் நேராக நிற்கும் பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, வானிலைத் துறையின் வழக்கப்படி காலை எட்டரை மணிக்கு நீரின் உயரத்தை அளந்தாலே போதும். ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். திரை சொன்னது ஒரு பத்தியிலும், பெய்தது மற்றொரு பத்தியிலுமாக மாணவர்கள் எழுதிவரட்டும். ஈராண்டில், கீழ்க்காற்று வீசும்போது திரை குறைத்துச் சொல்கிறதா, கூட்டிச் சொல்கிறதா என்பது அவ்வூருக்கே தெரிந்துவிடும்.

மேகம் எந்தச் சரிவில் ஏறினால் மழை நிச்சயம் என்று மலைவாழ் முதியோர் அறிவர். அந்த அறிவும், வானிலிருந்து செயற்கைக்கோள் காணும் காட்சியும், பள்ளிப் பிள்ளைகளின் அளவேடும் ஒன்றுசேரும் ஊரில், களத்துக் காப்பி நனைவது அரிதாகும். கணினி வாங்குவதற்குச் செலவு உண்டு. அளவேட்டுக்கு வேண்டியது நாள்தோறும் ஐந்து நிமிடக் கவனம் மட்டுமே. அதை இன்றே தொடங்கலாம்.