காதல் கதையும் அரசியல் நூலும்: நம் பிள்ளைகளின் வாசிப்பு

 



கீழக்கரை முதல் இராமேஸ்வரம் வரை நம் கடற்கரை ஊர்களில் பெற்றோர் பலர் இன்று ஒரே கவலையைச் சொல்கிறார்கள். "மகள் எந்நேரமும் கைபேசியில் காதல் தொடர்கதை படிக்கிறாள்" என்கிறார் உம்மா. "மகன் அரசியல் நூல்களைப் படித்துவிட்டு ஊரெல்லாம் வாதம் செய்கிறான்" என்கிறார் வாப்பா. பிள்ளை படிக்கிறதே என்ற மகிழ்ச்சி ஒரு பக்கம். என்ன படிக்கிறதோ என்ற அச்சம் மறுபக்கம். இவ்விரண்டுமே நியாயமானவை. ஒன்றுக்காக மற்றொன்றை நாம் கைவிட வேண்டியதில்லை.

நம் கடற்கரைக்குப் புத்தகம் புதிதா?

முதல் வஹீயே ஓதுமாறு கட்டளையிட்டது. அந்தக் கட்டளையைச் சுமந்த சமுதாயம் இக்கரையில் ஏடுகளோடு வாழ்ந்த சமுதாயம். கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) மார்க்கச் சட்டங்களை எழுதியதோடு நின்றுவிடவில்லை. 'மதீனத்துந் நுஹாஸ்' என்னும் தாமிரப்பட்டணத்துக் கதையையும் அரபுத்தமிழில் தந்தார்கள். ஒரு பெரும் ஆலிம் கதை சொல்வதை இழிவாக எண்ணவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இராமேஸ்வரத்தைப் பாருங்கள். அங்கே 1931-ல் பிறந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள், இளமையில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவரின் வீட்டு நூலகத்திலிருந்து புத்தகங்களை வாங்கிப் படித்ததைத் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் நன்றியோடு நினைவுகூர்கிறார். அந்த மாணிக்கம் யார்? விடுதலைப் போராட்டத்தில் தீவிர வழியில் நின்ற புரட்சியாளர். "புரட்சிக்காரர் வீட்டுப் பக்கம் போகாதே" என்று அன்று அச்சிறுவனைத் தடுத்திருந்தால் இழப்பு யாருக்கு?

கடற்கரையோரமாக வடக்கே சென்றால் நாகூர். அங்கே மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோன சித்தி ஜுனைதா பேகம் என்ற இளம் விதவை, 1938-ல் ஒரு நாவலை வெளியிட்டார். டாக்டர் உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். நாவலின் பெயர் என்ன தெரியுமா? 'காதலா? கடமையா?' நம் வீட்டுப் பெண் காதலைப் பற்றி எழுதவும் செய்தார். அதைக் கடமையின் எதிரே நிறுத்திக் கேள்வியும் கேட்டார். அந்தக் கேள்வியே இன்றைய வாசிப்புக்கும் உரைகல்.

காதலைப் பேசுவது பாவமா?

அன்பானவர்களே! திருக்குர்ஆனின் 12-ஆம் அத்தியாயமாகிய ஸூரா யூஸுஃபில் ஆசை உண்டு. அடைக்கப்பட்ட கதவு உண்டு. தப்பி ஓடும் இளைஞர் உண்டு. அல்லாஹ் அதனை வரலாறுகளில் மிக அழகியது என்று சிறப்பிக்கிறான். மனித ஆசையை அது மறைக்கவில்லை. ஆனால் ஆசையை விற்கவும் இல்லை. கஅபு இப்னு ஸுஹைர் (ரலி) நபி (ஸல்) அவர்கள் முன் பாடிய கவிதை, பிரிந்து சென்ற காதலியின் நினைவில்தான் தொடங்குகிறது. நம் வீடுகளில் ஓதப்படும் இமாம் பூஸரி (ரஹ்) அவர்களின் புர்தா ஷரீபும் பிரிவின் கண்ணீரில்தான் தொடங்குகிறது.

ஆகவே காதல் என்ற சொல்லைக் கண்டதும் நாம் நடுங்க வேண்டாம். நடுங்க வேண்டியது வேறொன்றுக்கு. இன்று பரவலாகப் படிக்கப்படும் தொடர்கதைகள் பலவற்றில், கணவன் மனைவிக்கிடையே மூடிய அறையில் இருக்க வேண்டியது விரித்து எழுதப்படுகிறது. அதைவிடக் கொடியது, பெண்ணை மிரட்டி, அடித்து, பலவந்தப்படுத்துபவன் கதாநாயகனாக்கப்படுவது. கடைசி அத்தியாயத்தில் அவள் அவனையே நேசிப்பதாக முடிப்பது. மகளே! கொடுமை காதலின் இன்னொரு முகமன்று. பலவந்தம் செய்பவன் கதையிலும் கொடியவன்தான், வாழ்விலும் கொடியவன்தான்.

ஆண்களே! உங்களிடமும் ஒரு கேள்வி உண்டு. அந்தப் பெண் ஏன் அக்கதைகளைத் தேடுகிறாள்? சபர் போன கணவர் வாரத்துக்கு ஒருமுறை பேசுகிறார். பணம் வந்ததா என்று மட்டும் கேட்கிறார். ஊரிலிருப்பவரோ ஒரு கனிவான வார்த்தை பேசுவதில்லை. தம்பதியரிடையே அன்பையும் கருணையையும் ஆக்கியதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் 30:21-ல் கூறுகிறான். அண்ணலார் (ஸல்) தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். வீட்டில் அன்பைப் பட்டினி போட்டுவிட்டுப் புத்தகத்தைக் குறை சொல்வது எப்படி நியாயமாகும்?

அரசியல் நூல் ஆபத்தா?

இளைஞர் கையிலுள்ள அரசியல் நூல்களும் பொய்க் கவலைகளைப் பேசவில்லை. 1992 டிசம்பர் 6-ல் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டது நடந்த வரலாறு. கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் முஸ்லிம்கள் பின்தங்கியிருப்பதை 2006-ல் சச்சார் குழு அறிக்கை எடுத்துக்காட்டியது. 2019-ல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. இவற்றைப் படித்தறிவது குற்றமன்று, அறியாதிருப்பதே குறை.

ஆனால் சகோதரர்களே, இங்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது 5:8-ன் எச்சரிக்கை. வந்த செய்தியைத் தீர விசாரியுங்கள் என்பது 49:6-ன் கட்டளை. ஒரு நூல் உங்களுக்கு அநீதியை அடையாளம் காட்டினால் அது ஆசிரியர். அண்டை வீட்டார் அனைவரையும் எதிரியாகக் காட்டினால் அது வழிகெடுப்பது. கலாமின் தந்தையாரும் இராமேஸ்வரம் கோயிலின் அர்ச்சகரும் நெருங்கிய நண்பர்களாக இருந்த மண் இது. பாக் நீரிணையில் பிடிபடும் மீனவர்களின் படகு மதம் பார்த்தா பறிக்கப்படுகிறது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலகத்து ஒடுக்கப்பட்டோருக்காகக் குரல் எழுப்பும் தம்பி, தன் சகோதரிக்குரிய சொத்துப் பங்கு வந்து சேர்ந்ததா என்று கேட்டாரா? பெண்ணுக்கும் பங்குண்டு என்று 4:7 கூறுகிறதே! வாக்காளர் பட்டியலில் தெருவாசிகளின் பெயர் உள்ளதா என்று பார்த்தாரா? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனுவாவது எழுதினாரா? படித்துக் கொதித்துவிட்டு அமர்ந்திருப்பதும், காதல் கதை படித்துப் பெருமூச்சு விட்டு அமர்ந்திருப்பதும் ஒன்றேதான்.

என்ன செய்யலாம்?

பெற்றோர்களே! கைபேசியைப் பிடுங்காதீர்கள், புத்தகத்தைக் கிழிக்காதீர்கள். பிடுங்கினால் வாசிப்பு நிற்காது. உங்களிடம் பேசுவதுதான் நிற்கும். வயதுக்கு ஒவ்வாததைச் சிறுவரிடமிருந்து விலக்குங்கள். அது உங்கள் பொறுப்பு. வளர்ந்த பிள்ளையிடம் "என்ன படிக்கிறாய்? எனக்கும் சொல்" என்று கேளுங்கள். ஒவ்வொரு ஜமாஅத்தும் பள்ளிவாசல் அருகே ஒரு சிறு நூலகம் அமைக்கட்டும். பெண்கள் வந்து எடுத்துச் செல்ல அதில் தனி நேரம் இருக்கட்டும்.

வாசிக்கும் பிள்ளைகளே! செவி, பார்வை, இதயம் ஆகிய மூன்றும் விசாரிக்கப்படும் என்கிறது 17:36. புத்தகத்தை மூடியதும் உங்களையே கேளுங்கள்: இதைப் படித்தபின் என் வீட்டாரிடம் கருணை கூடியதா, குறைந்ததா? என் அண்டை வீட்டாரிடம் நீதி கூடியதா, குறைந்ததா? கூடியிருந்தால் அடுத்த நூலை எடுங்கள். குறைந்திருந்தால் அந்த எழுத்தாளரை நம்புவதற்கு முன் ஒருமுறை நின்று யோசியுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் வீடுகளை அறிவாலும் அன்பாலும் நிரப்புவானாக! சொல்லப்படுவதைச் செவியேற்று, அதில் அழகானதைப் பின்பற்றும் நல்லடியார்களில் நம்மையும் நம் பிள்ளைகளையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.